கிளிசரினா, தேங்காய் எண்ணெயா? எந்தத் தோலுக்கு எது?

பார்வதிபுரம் அக்கா:

வீட்டில் நாலு பேர், நாலு விதத் தோல். அலமாரியில் பாட்டில் ரெண்டுதான்: மருந்துக்கடையில் வாங்கின கிளிசரின், மில்லில் ஆட்டின தேங்காய் எண்ணெய். யாருக்கு எது, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று தெரிஞ்சவங்க விவரமா சொல்லணும்.

மகளுக்கு 19 வயசு. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், தாடையில் பரு, கன்னம் சாதாரணம். கொஞ்ச நாளா நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியா ஏதோ வருது, அரிப்பும் இருக்கு. அம்மாவுக்கு 64, சர்க்கரை உண்டு. முழங்காலுக்குக் கீழே செதில் செதிலா உரியுது, ராத்திரி சொறிஞ்சே தூக்கம் போகுது. வீட்டுக்காரருக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை. ஆனி, ஆடிக் காத்தில் கன்னமும் உதடும் வறண்டு வெடிக்கும். தம்பி குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறான், கையெல்லாம் வெடிப்பு.

இன்னும் மூணு சந்தேகம். கிளிசரின், பன்னீர், எலுமிச்சைச் சாறு மூணையும் கலந்து முகத்தில் பூசச் சொல்றாங்களே, அது சரியா? எண்ணெயையும் கிளிசரினையும் ஒரே பாட்டிலில் ஊத்தி வச்சுக்கலாமா? தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கு எண்ணெய்தான் தோலுக்கு நல்லது, மில் எண்ணெய் ஆகாது என்பது உண்மையா?

மருந்துப்பெட்டி:

அக்கா, முதலில் ரெண்டும் ஒரே வேலையைச் செய்யும் பொருள் இல்லை. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் தண்ணீர் வெளியேறாமல் மேலே மூடும், செதில்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பி வழவழப்பாக்கும். எண்ணெயில் தண்ணீர் துளியும் கிடையாது. அதனால் காய்ந்த தோலின் மேல் எண்ணெய் தேய்த்தால் காய்ந்த நிலையைத்தான் மூடி வைக்கிறீர்கள். மினுமினுப்பு வரும், அரிப்பு போகாது. அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தும் பலன் இல்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

கிளிசரினை அப்படியே பாட்டிலிலிருந்து எடுத்துப் பூசுவது அடுத்த தவறு. சுத்தக் கிளிசரின் தண்ணீருக்கு அலையும் பொருள். காற்றில் ஈரம் கிடைத்தால் அங்கிருந்து எடுக்கும்; கிடைக்காவிட்டால் தோலிடமிருந்தே எடுக்கும். எரிச்சலும் பிசுபிசுப்பும் அதனால்தான். நீர்த்துப் பூசினால் இந்தச் சிக்கல் வராது. 5 முதல் 10 சதவீதக் கரைசல் 'உள்தோலில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும்' என்று பயமுறுத்துவதெல்லாம் மிகை.

கிளிசரின் தண்ணீரை விடக் கனம். 1 மி.லி. என்பது 1.26 கிராம். ஸ்பூன் கணக்கு தப்பும், 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். எடைக் கணக்கில் சொல்கிறேன்:

முகத்துக்கு 5 சதவீதம்: 4 மி.லி. கிளிசரின், 96 மி.லி. தண்ணீர்.
கை, காலுக்கு 10 சதவீதம்: 8 மி.லி. கிளிசரின், 92 மி.லி. தண்ணீர்.
வெடித்த உள்ளங்கை, குதிகாலுக்கு 20 சதவீதம்: 17 மி.லி. கிளிசரின், 83 மி.லி. தண்ணீர்.

வாங்கும்போது லேபிளில் ஐ.பி. (இந்தியன் ஃபார்மகோபியா, அதாவது மருந்துத் தரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தொழிற்சாலைத் தரம் மலிவாகக் கிடைக்கும், தோலுக்கு வாங்காதீர்கள். இருமல் மருந்துகளில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்து குழந்தைகள் இறந்த செய்திகள் படித்திருப்பீர்கள். கிளிசரின் போலவே தெளிவாக, இனிப்பாக இருக்கும் நச்சு அது. பூசுவதற்கும் மருந்துத் தரம்தான் வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு: குளித்தபின் டவலால் ஒற்றி எடுக்கவும், அழுத்தித் துடைக்க வேண்டாம். கால் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், 10 சதவீதக் கரைசல் ஒரு காலுக்கு 2 முதல் 3 மி.லி. தடவுங்கள். அது உள்ளே போகும்வரை ஒரு நிமிடம் விட்டு, அதன்மேல் தேங்காய் எண்ணெய் அரை டீஸ்பூன், ரெண்டு காலுக்கும் சேர்த்து அவ்வளவுதான். முடி முளைத்த திசையிலேயே மேலிருந்து கீழே தடவவும். எதிர்த் திசையில் தேய்த்தால் முடிக்குழி அடைத்துச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். ராத்திரி படுக்கும் முன்பு நனைத்த துணியால் காலைத் துடைத்துவிட்டு இதையே இன்னொரு தடவை செய்யலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாகச் சில விஷயம். கால்விரல் இடுக்கில் எண்ணெயோ கிளிசரினோ வைக்கவே கூடாது. அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அதிலிருந்து கிருமி உள்ளே போகும். வெந்நீரில் காலை ஊற வைக்க வேண்டாம், உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. எண்ணெய் பூசிய காலோடு குளியலறை டைல்ஸில் நடக்க விடாதீர்கள். வெடிப்பில் ரத்தம், நீர், சிவப்பு, சூடு தெரிந்தால் ரெண்டு பாட்டிலையும் மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பன்னீர் கலவையில் எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் வெடித்த தோலில் எரியும். அதைவிடப் பெரிய தொந்தரவு, எலுமிச்சையில் இருக்கும் சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். சிவந்து கொப்பளித்து, ஆறின பிறகு பழுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். ஸ்கூட்டரில் வெயிலில் போகிற பெண்ணுக்கு இதைப் போட்டு அனுப்பாதீர்கள். பன்னீரும் அவசியமில்லை. கடையில் வருவதில் பல, வாசனை கலந்த தண்ணீர்தான். கொதித்து ஆறின தண்ணீர் போதும்.

செக்கடி:

மருந்துப்பெட்டி சார் கிளிசரினப் பத்திச் சொல்லிட்டாரு, எண்ணெய நான் சொல்லுதேன்.

உருக்கு எண்ணெய், மில் எண்ணெய் சண்டை நம்ம ஊர்ல தீராது. ரெண்டுலயும் கொழுப்பு அமிலக் கணக்கு ஏறத்தாழ ஒண்ணுதான். பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். அதனால 'உருக்கு எண்ணெய் முகத்துல அடைக்காது, மில் எண்ணெய் அடைக்கும்'னு யாராவது சொன்னா நம்பாதுங்க. அடைக்கிற தோலுக்கு ரெண்டும் அடைக்கும்.

வித்தியாசம் வேற எடத்துல இருக்கு. உருக்கு எண்ணெய் தேங்காய்ப் பால்லருந்து வருது. வாசனை, நிறம் தவிர ஆக்சிஜனேற்றத்தத் தடுக்குற பொருளும் கூடுதலா நிக்கும். மில் எண்ணெய் கொப்பரையிலருந்து. கொப்பரை சரியா காயாம பூசணம் பிடிச்சிருந்தா எண்ணெய் சீக்கிரம் காறும். பூசணம் வராம இருக்க கந்தகப் புகை போடுற எடமும் உண்டு. தோலுக்கு வாங்குனா கந்தகம் போடாத கொப்பரையான்னு கேட்டு வாங்குங்க. எண்ணெய ஒரு சொட்டு உள்ளங்கையில தேச்சு மோந்து பாத்தா தெரிஞ்சிரும்: தேங்கா மணம் வரணும், மூக்க அரிக்கிற நெடி வரக்கூடாது.

வீட்டுல உருக்குறவங்க செய்யுற தப்பு ஒண்ணு. கக்கம், அதாவது தேங்காய்ப் பால் வத்தி நிக்கிற கசடு, பொன்னிறமாகுமுன்ன அடுப்ப அணைச்சா எண்ணெய்ல தண்ணி நிக்கும். பாட்டிலுக்கு அடியில கலங்கலா ஒரு படலம் படியும், ரெண்டு வாரத்துல காறல் வாடை. சலசலப்பு அடங்குற வரைக்கும் சின்னத் தீயில வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி, ஒரு ராத்திரி அசையாம வச்சு, மேல தெளிஞ்சத மட்டும் எடுங்க. அடிமண்டி சமையலுக்குப் போகட்டும். கறுத்துப்போற வரைக்கும் விட்டாலும் கெட்டுது, கருகின எண்ணெய் தோலுக்கு ஆகாது. காறின எண்ணெயத் தலைக்கு, காலுக்குன்னு தள்ளிவிடுற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு. அதுல உண்டாகியிருக்குற பெராக்சைடு தோல எரிச்சப்படுத்தும். விளக்குக்கு ஊத்துங்க.

மகளுக்கு எண்ணெய் முகத்துல வேண்டாம். துளை அடைக்குற தன்மைக்கு 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் உண்டு, முயல் காதுல பூசிப் பாத்து வச்சது. தேங்காய் எண்ணெய் அதுல 4, கிளிசரின் 0. முயல் காது மனுஷ முகம் இல்லதான், அந்த எண்ண வேதவாக்கா எடுக்காதுங்க. ஆனா பரு வர்ற எண்ணெய்ப்பசை முகத்துல நேராவே பாக்குறது இதோட ஒத்துப்போவுது. லாரிக் அமிலம் பருக் கிருமியக் கொல்லும்னு இணையத்துல போடுதாங்க. அது தனியா பிரிச்ச லாரிக் அமிலத்துக்கு ஆய்வுக்கூடத்துல கண்டது. எண்ணெய்ல அந்த அமிலம் கிளிசரினோட கட்டுண்டு கிடக்கு, பாட்டில்லருந்து எடுத்துப் பூசுனா அதே பலன் வராது.

கட்டுண்டு கிடக்குன்னதும் சொல்லணும்: எண்ணெய உடைச்சா கெடைக்கிறதுதான் கிளிசரின். சோப்பு காய்ச்சும்போது தனியா பிரிஞ்சு வருதே, அதேதான். ஒரே மரத்துக் காயிலருந்து வர்ற ரெண்டு சரக்கு ஒண்ணுக்கொண்ணு இவ்வளவு எதிரும் புதிருமா நடக்கும்!

கொட்டாரம் தாத்தா:

எங்க அம்மை, ஆச்சி எல்லாரும் முகத்துல தேங்காய் எண்ணெய் தேச்சவங்கதான். எண்பது வயசுலயும் முகம் பளிங்கு. முயல் காதுல பூசிப் பாத்து எங்க ஆச்சி முகத்தத் தீர்மானிக்குதியளா? கிளிசரின் எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு.

செக்கடி:

தாத்தா, ஆச்சி தேச்சாங்க, சரி. தேச்ச பொறவு என்ன செஞ்சாங்க? அரை மணி நேரம் கழிச்சு பயறு மாவோ சீயக்காயோ போட்டு குளத்துல குளிச்சாங்க. எண்ணெய் முகத்துல நின்னது அவ்வளவு நேரந்தான், கழுவின பொறவு மிச்சம் இருந்தது மெல்லிசா ஒரு படலம். இப்பம் பிள்ளைங்க ராத்திரி பூசி அப்படியே படுத்து, காலையில ஃபேஸ்வாஷ் போட்டும் போகாம, அதுமேல சன்ஸ்கிரீன், அதுமேல ஹெல்மெட். எட்டு மணி நேரம் தோல்ல ஊறுறதும், அரை மணி நேரத்துல கழுவுறதும் ஒண்ணா? எண்ணெய்த் தேச்சுக் குளிக்கிறத யாரும் தப்புன்னு சொல்லல. உடம்புக்குத் தாராளமா தேச்சுக் குளிங்க. பரு முகத்துக்காரங்க மட்டும் முகத்த விட்டுருங்க.

எல்லாரு தோலும் ஒண்ணில்லன்னு எடுத்துக்கிடுங்க. பரம்பரையா வறண்ட தோல் உள்ள வீட்டுல எண்ணெய் ஒரு கெடுதலும் செய்யாது. பிள்ளைங்களுக்கு வர்ற கரப்பான் வகையில உருக்கு எண்ணெய்க்கு நல்ல பேரே இருக்கு: ஃபிலிப்பைன்ஸ்ல 117 பிள்ளைங்கள வச்சு எட்டு வாரம் பாத்த ஆய்வு 2014ல வந்துச்சு, மினரல் ஆயிலை விட உருக்கு எண்ணெய் கூடுதலா கேட்டுச்சு. உங்க கட்சிக்கு அத எடுத்துக்கிடுங்க.

ரப்பர்த்தோட்டம்:

தம்பி கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

வெட்டப் போகும் முன் கையில் எண்ணெய் கூடாது. கத்திப்பிடி வழுக்கும். பட்டையில் ஆழம் கூடிப்போனால் மரம் கெடும், வழுக்கினால் விரல் போகும். ரப்பர் கையுறை போடுபவர் என்றால் எண்ணெய்க் கையோடு அதைப் போடவே கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி, இளகி, ஓட்டை விழும். நைட்ரில் கையுறைதான் தாங்கும். கையுறைக்குள்ளேயே அரிப்பு, தடிப்பு வந்தால் அது ரப்பர் பால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதற்கு கிளிசரினும் எண்ணெயும் மருந்து இல்லை.

ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுபவர் கை வேறு கதை. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையில் தெறித்தால் உடனே எண்ணெய் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அமிலத்தை உள்ளேயே வைத்து மூடும். குழாயைத் திறந்து 15, 20 நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள், வேறெதுவும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

வெடிப்புக்கான நேரம் ராத்திரிதான். பால் ஒட்டின கையை மண்ணெண்ணெயால் துடைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், பாதி வெடிப்பு அதனால்தான். காய்ந்த பாலை உருட்டி எடுத்துவிடலாம். விடாப்பிடியாக ஒட்டினதுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் கழித்து உரித்து, சோப்பால் கழுவலாம். அங்கே எண்ணெய் நல்ல வேலைக்காரன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் ஊற வைத்து, ஒற்றி எடுத்து, 20 சதவீதக் கிளிசரின் கரைசல் 2 மி.லி. ரெண்டு கைக்கும். வெடிப்புக்குள் போகும்படி விரலால் அழுத்த வேண்டும். அதன்மேல் எண்ணெய் நாலைந்து சொட்டு. பருத்திக் கையுறை அல்லது பழைய சாக்ஸ் மாட்டிப் படுக்கலாம். மேல்தோல் பிய்ந்து ரத்தம் தெரியும் வெடிப்பில் கிளிசரின் எரியும். அது மூடும்வரை அந்த இடத்தில் வாசலின் மட்டும் போதும். இரண்டு வாரத்தில் மென்மை தெரியவில்லை என்றால் படை, சொரியாசிஸ் மாதிரி வேறு ஏதாவதா என்று காட்டிப் பார்க்க வேண்டும்.

முந்திரி உடைக்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். தோட்டுச் சாறு பட்ட கையில் எண்ணெய் தேய்த்தால் சாறு பரவும். முதலில் சோப்பால் நன்றாகக் கழுவி, பிறகுதான் எதையும் பூசலாம்.

பார்வதிபுரம் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. கரைசல் கலந்து வச்சேன், எலுமிச்சை இல்லாமல்தான். வெளியிலேயே வச்சிருந்தேன், பத்து நாளில் லேசா கலங்கி ஒரு புளிச்ச வாடை. கிளிசரின் கெட்டுப்போகாதுன்னு நினைச்சேனே? மகள் நெற்றி விஷயமும் யாராவது சொல்லுங்க. தலைக்கு தினமும் எண்ணெய் வைக்கிறா. முதுகில் வெளுப்பா ரெண்டு மூணு திட்டும் இருக்கு. அப்புறம் ஒரே பாட்டில் கேள்விக்குப் பதில் வரலை.

மருந்துப்பெட்டி:

சுத்தக் கிளிசரின் கெடாது. அதில் கிருமி வாழத் தண்ணீர் கிடைக்காது. 10 சதவீதமாக நீர்த்தால் அது கிருமிக்குத் தீனி. பாதிக்குப் பாதி கிளிசரின் இருந்தால்தான் ஓரளவு தன்னைத்தானே காத்துக்கொள்ளும், அந்த அளவைத் தோலில் பூச முடியாது. ஆகவே அதைக் கொட்டிவிடுங்கள், மேலாக வடிகட்டிப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டு, கொதிநீரில் அலசின பாட்டிலில் 50 மி.லி. மட்டும் கலக்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாளில் தீர்க்க வேண்டும். விரல் விடாமல் ஊற்றி எடுக்கவும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் குறுக்கு வழி உண்டு. கழுவின முகம் சொட்டச் சொட்ட இருக்கும்போது சுத்தக் கிளிசரின் இரண்டே சொட்டை ஈர உள்ளங்கையில் விட்டு, கைத்தண்ணீரிலேயே கரைத்துப் பூசலாம். அளவு துல்லியமாக இருக்காது. பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

நெற்றி விஷயம். ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு, அதுவும் முதுகில் வெளுத்த திட்டோடு என்றால் சாதாரணப் பரு என்று விட்டுவிட வேண்டாம். முதுகில் இருப்பது தேமலாக இருக்கலாம். தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சைதான் முடிக்குழிகளில் புகுந்து இப்படி அரிக்கும் பொடிப்பருக்களையும் உண்டாக்கும். எல்லார் தோலிலும் இருக்கும் பூஞ்சை அது, நம் கடலோரப் புழுக்கத்தில் கொழிக்கும். அதன் சாப்பாடே கொழுப்பு அமிலம். கார்பன் எண்ணிக்கை 11 முதல் 24 வரை உள்ளவை அதற்குப் பிடிக்கும். செக்கடி சொன்ன லாரிக் அமிலம் 12. தலையில் வைத்த எண்ணெய் வேர்வையோடு நெற்றிக்கு இறங்கும், ஹெல்மெட் உள்துணி அதையே உறிஞ்சித் திரும்பத் திரும்ப ஒற்றும். கிளிசரின் இந்தப் பூஞ்சைக்குத் தீனி இல்லை.

செய்ய வேண்டியது: தினமும் எண்ணெய் வைப்பதை நிறுத்தி, வாரம் ஒரு நாள் தலைக்குளியலுக்கு அரை மணி முன்பு வைத்து, ஷாம்பூ போட்டு முழுக்க எடுத்துவிடட்டும். ஹெல்மெட் உள்துணியைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவைக்கவும், முடியாவிட்டால் பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டி அதைத் தினமும் மாற்றலாம். முகத்துக்கு 5 சதவீதக் கிளிசரின் ராத்திரி மட்டும் போதும், ஒரு மி.லி. முதுகுத் திட்டைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் பிரிவு இருக்கிறது. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று அவர்கள் சொல்வார்கள். கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசிவிடாதீர்கள். முதல் வாரம் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே பரவிவிடும்.

எதையும் புதிதாகத் தொடங்கும்போது முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அது ஒவ்வாமைக்கு மட்டும். முகத்துளை அடைக்குமா என்பது ஒரு வாரத்தில் தெரியாது. தாடை ஓரத்தில் ஒரே இடத்தில் மூன்று வாரமாவது பூசிப் பார்த்தால்தான் தெரியும்.

செக்கடி:

ஒரே பாட்டில் கேள்வி. எண்ணெயும் கிளிசரினும் கலக்காது. குலுக்கினா வெள்ளையா ஆவும், அஞ்சு நிமிஷத்துல கிளிசரின் தண்ணி அடியில, எண்ணெய் மேல. மொத நாள் எண்ணெயாவே ஊத்தும், கடைசி நாள் கிளிசரினாவே ஊத்தும். சேர்த்து வைக்கணும்னா பால்மமாக்குற மெழுகு வேணும். எமல்சிஃபையிங் வேக்ஸ்னு சோப்புச் சாமான் விக்கிற கடையில கேளுங்க. தேன்மெழுகு அந்த வேலையச் செய்யாது, அது வேற.

100 கிராம் லோஷனுக்கு: தண்ணி 78, கிளிசரின் 5, தேங்காய் எண்ணெய் 10, எமல்சிஃபையிங் வேக்ஸ் 6, கெடாம காக்குற ஃபீனாக்சிஎத்தனால் 1. எல்லாம் கிராம், தராசு வேணும். ஃபீனாக்சிஎத்தனால் ஒரு சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அதுதான் உச்சவரம்பு.

தண்ணியும் கிளிசரினும் ஒரு கிண்ணத்துல, எண்ணெயும் மெழுகும் வேறொரு கிண்ணத்துல. ரெண்டையும் வெந்நீர்ச் சட்டிக்குள்ள வச்சு 70 டிகிரிக்குக் கொண்டுவாங்க, மெழுகு முழுக்க உருகணும். தண்ணிக் கிண்ணத்த மறுபடி எடை போட்டு, ஆவியானது எவ்வளவோ அவ்வளவு வெந்நீர் சேருங்க. இத விட்டாதான் கணக்கு மாறி லோஷன் கட்டிதட்டும். எண்ணெய்க் கிண்ணத்துல தண்ணிய மெல்ல ஊத்தி ரெண்டு மூணு நிமிஷம் கை மிக்ஸில அடிங்க. பொறவு கரண்டியால கிளறிக்கிட்டே ஆறவிட்டு, 40 டிகிரிக்குக் கீழ வந்ததும் ஃபீனாக்சிஎத்தனால் சேருங்க.

கெட்டுப்போறதுல முக்காவாசி சூடு சமமில்லாததால. தண்ணி ஆறியிருந்தா மெழுகு சட்டுன்னு உறைஞ்சு குருணையா நிக்கும். மறுபடி ரெண்டையும் 70க்குச் சூடாக்கி அடிச்சா பெரும்பாலும் திரும்பும். மூணு நாள் கழிச்சு மேல எண்ணெய் மெதந்தா மெழுகு பத்தல, அடுத்த தடவை 7 போட்டு தண்ணியில ஒண்ணு குறைங்க. இந்த லோஷன் அம்மாவுக்கும் தம்பிக்கும். மகள் முகத்துக்கு இல்ல, எண்ணெய் 10 சதவீதம் இருக்கு.

முட்டம் கலங்கரை:

கடலுக்குப் போறவங்களுக்கு ஒரு வரி. உப்புத் தண்ணி காய்ஞ்ச தோல்ல நேரா எண்ணெய் பூசாதீங்க. உப்புப் பொடி தோலோட ஒட்டி நின்னு அறுக்கும். நல்ல தண்ணியில அலசி, ஈரத்தோட கிளிசரின், மேல எண்ணெய். தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும், அதனால எங்க பக்கம் பிரபலம். ஆனா அந்தச் சோப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி தோல மென்மையாக்கும்னு நினைக்காதீங்க. எண்ணெய்ப்பசைய நல்லா உரிச்சுடும், வறண்ட தோலுக்கு ஆகாது. எண்ணெய் பூசினா வெயில் சுடாதுன்னு சொல்றதும் வெறும் பேச்சு.

பார்வதிபுரம் அக்கா:

வீட்டுக்காரர் உதடு மட்டும் பாக்கி. செக்கடி அண்ணாச்சி, அதையும் சொல்லிருங்க. கிளிசரின் பூசினா நக்கி நக்கி இன்னும் வெடிக்குது.

செக்கடி:

உதட்டுல எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால காத்துக்கு மொதல்ல அதுதான் மாட்டும். கிளிசரின் இனிக்கும், நாக்கு சும்மா இருக்காது, எச்சில் காயக் காய இன்னும் வெடிக்கும். அந்த ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துல கிளிசரின் மட்டும் பூசினா கன்னத்துக்கும் பத்தாது. காத்து ஈரத்த வாரிட்டுப் போயிரும். கன்னத்துக்கு ஈரத்தோட 5 சதவீதக் கிளிசரின், மேல எண்ணெய் மூணு சொட்டு, அவரு தோல் வறண்ட வகைன்னா மட்டும். முடிஞ்சா முகத்துக்கு ஒரு துண்டு கட்டிக்கிடச் சொல்லுங்க, தூசியும் தடுக்கும்.

உதட்டுக்குத் தனி எண்ணெய் நிக்காது. 24 டிகிரியிலயே உருகுற சரக்கு, அரை மணியில நக்கித் தீந்துபோவும். தேன்மெழுகு சேக்கணும். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைக்கிறவங்ககிட்ட கட்டியா கெடைக்கும். மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, எடையில. 5 கிராமுக்கு 20 கிராம் போட்டா சின்ன டப்பா ரெண்டு நெறையும். வெந்நீர்ச் சட்டிக்குள்ள கிண்ணத்த வச்சு உருக்குங்க, நேர் அடுப்புல வேண்டாம். ஒரு சொட்டு சுத்தமான தட்டுல விட்டு ஆறவச்சு விரலால தேச்சுப் பாருங்க. சுரண்டுனாதான் வருதுன்னா இன்னும் ரெண்டு கிராம் எண்ணெய், வழிஞ்சு ஓடுதுன்னா ஒரு கிராம் மெழுகு. டப்பாவுல தண்ணி ஒரு பொட்டு கூட இருக்கக்கூடாது. வெயில்ல நிக்கிற பைக் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, உருகி ஒழுகிரும். சட்டைப் பையில வச்சா தாங்கும்.